நான்கு பேருக்கு ஒரு கம்பி

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தில், நான் பதினோரு மாதம் சிஸ்டம் இன்ஜினியராக இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கம்ப்யூட்டர் என்று தடுமாறாமல் சொல்கிறவனுக்கு வேலை கிடைத்துவிடும். நான் தடுமாறாமல் சொன்னேன்.

அதற்கு முன் நாக்பூர் லாரியில் கிளீனராக இருந்தேன். பிறகு பம்பாயில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. திரும்பி வந்து அடையாறில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை. எங்கேயும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் போயிருந்தன. மறுபடி எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறினேன். அசோக் நகரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் டிப்ளமா ஒன்றில் சேர்ந்து, இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன். முதல் மாதம் கம்ப்யூட்டரின் வரலாற்றை நடத்தினார்கள். இரண்டாம் மாதம் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். அதை எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது என்பது வரை எனக்குத் தெரியும்.

அலுவலகத்தின் முதலாளி மயிலாப்பூர்க்காரர், வங்கி வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவர். நேர்முகத்தில் மூன்று நிமிடம் பேசினார்.

“டிப்ளமா பண்ணியிருக்கியோ?”

“பண்ணியிருக்கேன் சார்.”

“யூனிக்ஸ்லாம் பார்த்திருக்கியோன்னோ?”

“பார்த்திருக்கேன் சார்.”

பார்த்திருந்தேன், பக்கத்துத் திரையில். முடித்தாயா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நாளே சட்டைப் பையில் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தொழில் இதுதான். ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகத்தின் புத்தக அட்டைகள் நகலெடுக்கப்பட்டுக் கட்டுக்கட்டாக வரும். ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பு எல்லாவற்றையும் அப்படியே தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். முதல் மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஏ.சி. அறை. உள்ளே போகிறவர் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எட்டுக் கம்பிகள் கிளம்பி எட்டு டெர்மினல்களுக்குப் போயின. டெர்மினல் என்றால் திரையும் கீபோர்டும் மட்டும்தான், மூளை கிடையாது. மூளை ஏ.சி. அறையில் குளிராகச் சுகமாக உட்கார்ந்திருக்கும்.

வேலை பெருகியதும் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு இன்னும் நான்கு டெர்மினல் வைக்க முதலாளி முடிவு செய்தார். கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு துளைதான் மிச்சம் இருந்தது. நான்கு பேருக்கு ஒரு துளை எப்படிப் போதும்? அதற்கும் ஒரு பெட்டி இருந்தது. விற்பனைக்காரர் கொண்டுவந்து வைத்தார். கீழேயிருந்து ஒரு கம்பி அந்தப் பெட்டிக்கு வரும், பெட்டியிலிருந்து நான்கு கம்பிகள் நான்கு பேருக்கும் போகும். கூடவே ஒரு பிளாப்பியைப் போட்டு கம்ப்யூட்டருக்கும் ஏதோ சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு மாடியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் முழுக் கம்ப்யூட்டரும் தனக்கே என்ற எண்ணம் வந்துவிட்டது. எனக்கே அந்த எண்ணம் இருந்தது.

பெட்டியின் பின்புறம் அரிசி அளவில் எட்டு சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. விற்பனைக்காரர் போன மறுநாள் தூசி துடைக்கும்போது பார்த்தேன். ஏழு மேலே பார்த்து நின்றன, மூன்றாவது மட்டும் கீழே பார்த்தது. கூட வந்த சின்னப் புத்தகத்தில் மூன்றாவதற்கு நேரே எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, வரி புரியவில்லை. பேனா முனையால் அதையும் மேலே தள்ளினேன். வரிசை ஒழுங்காகிவிட்டது. நான்கு திரையும் முன்போலவே ஓடின. சிஸ்டம் இன்ஜினியராக நான் செய்த முதல் காரியம் அது.

மாடியில் நான்கு பேர். இரண்டு பேர் நங்கநல்லூரிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வரும் அண்ணன் தம்பி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள். மூன்றாமவர் அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து வந்த பெண். டைப்பில் ஹையர் பாஸ் செய்தவர். சாரத்திலிருந்து விழுந்து கணவர் படுத்திருந்ததால் வீடு அவர் விரலில்தான் ஓடியது. அதை அவர் விவரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் தாமதமாக வந்தபோது, “ஆஸ்பத்திரில அந்தாளுக்கு கட்டு மாத்திக்கினு வரேன்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அவர் அடிக்கும் வேகத்தில் மேஜை நடுங்கும். நான்காமவர் மயிலாப்பூர் மாமி. ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தவர். மற்ற மூவரும் அடித்ததை இவர் திரையில் வரவழைத்துப் பிழை பார்ப்பார்.

மாமி அச்சகத்தில் பார்த்த மாதிரியே இங்கும் பார்த்தார். திரையின் மேல் மரஸ்கேலை வைத்து, ஒரு வரி விட்டு ஒரு வரி கீழே நகர்த்தி, வாய்விட்டு வாசிப்பார். “கேபிடல் எம்... கமா... புல் ஸ்டாப்... ஸ்பேஸ்...” அவருக்கு ஒரே ஒரு தொல்லைதான். வரவழைத்த பட்டியல் நீளமாக இருந்தால் திரையில் நிற்காமல் ஓடிவிடும்.

“ஏம்ப்பா, இது என்ன இப்படி ஓடறது? காகிதம்னா ஒரு இடத்துல இருக்குமோன்னோ. நிறுத்த முடியாதா?”

கீபோர்டின் மேல் வரிசையில் ‘ஹோல்டு’ என்று எழுதிய ஒரு கீ இருந்தது. அழுத்தினால் ஒரு சின்ன விளக்கு எரியும், திரை அப்படியே நிற்கும். மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். டிப்ளமாவின் இரண்டாம் மாதத்தில் நான் கற்ற உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். பெரிய மனதோடு சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் மாமி எனக்காக ஒரு டப்பாவில் புளியோதரை கொண்டுவந்தார்.

அந்த வாரம்தான் மாடி நிற்கத் தொடங்கியது.

திடீரென்று நான்கு திரையும் உறைந்துவிடும். அடித்த எழுத்து வராது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். பிறகு நின்ற மாதிரியே தானாகக் கிளம்பும். அதுவரை அடித்ததெல்லாம் மொத்தமாகக் கொட்டும், சிலசமயம் பாதி காணாமல் போயிருக்கும். கீழே எட்டுப் பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் என்னிடம் தனியாகப் புகார் சொன்னார், தம்பி தனியாகச் சொன்னார். டைப் பெண் மாடிப்படியில் நின்று ஊருக்கே சொன்னார். மாமி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். கம்பியைக் கழற்றி முனையைச் சட்டையில் துடைத்து மாட்டினேன். மின்விசிறியை வேறு பிளக்கில் சொருகினேன். எர்த் சரியில்லை என்றால் எந்த மெஷினும் தகராறு செய்யும் என்று பம்பாய்க் கடையில் சொல்வார்கள். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். குழி பாத்திரக் கடையின் கொல்லையில் இருந்ததால் கடைக்குள் புகுந்துதான் போக வேண்டும்.

“இன்னா இன்ஜினியரு, கம்ப்யூட்டருக்கு வேர் வுட்டுச்சா?” என்று கேட்பார் கடைக்காரர். நான் குடத்தோடு நடப்பேன். இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு கௌரவமாக நடப்பது கஷ்டம்.

பிறகு நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்து, மாடி நிற்கும் ஒவ்வொரு தடவையும் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதினேன். மூன்று நாள் எழுதியதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. எப்போது நின்றாலும் டைப் பெண் வேகமாக அடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே வேகமாகத்தான் அடிப்பார் என்பது எனக்குத் தோன்றவில்லை. மாமியைப் பற்றி எழுதியிருந்ததும் அதே நோட்டில் இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே வார்த்தை: ‘படிக்கிறார்’. படிப்பதால் யாருக்கு என்ன கெடுதல் என்று தாண்டிப் போய்விட்டேன்.

முதலாளியிடம் போய், அந்தப் பெண்ணின் வேகத்தைப் பெட்டியால் தாங்க முடியவில்லை என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவரும் தலையாட்டினார்.

“அப்ப மெதுவா அடிக்கச் சொல்லு.”

சொன்னேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குதா? நான் மனுசனுக்குத்தான் மூச்சு வாங்கும்னு நென்ச்சேன்.”

“கொஞ்ச நாளைக்குதான். பழகிடும்.”

“எது, எனக்கா அதுக்கா?”

ஆனாலும் மெதுவாக அடித்தார். ஒரு கட்டு அட்டை முடியும் நேரத்தில் அரைக் கட்டுதான் முடிந்தது, கூலியும் அப்படியே குறைந்தது. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வேகம் ஏறினால் தொண்டையைச் செருமுவேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் செய்தேன்.

அடுத்த பத்து நாள் மாடி ஒரு தடவைகூட நிற்கவில்லை. முதலாளி என் முதுகில் தட்டினார். “அவ அடங்கினா மெஷின் ஓடறது பார்” என்றார். நானும் ஆமாம் சார் என்றேன். அந்தப் பத்து நாளும் மாமி லீவில் இருந்தார், மகள் பிரசவத்துக்காக. அதை இதோடு சேர்த்துப் பார்க்க என் நோட்டில் இடமில்லை.

வியாழக்கிழமை மாமி திரும்பி வந்து, பேரன் பிறந்த லட்டைக் கொடுத்துவிட்டு ஸ்கேலை எடுத்தார். அரை மணி நேரத்தில் மாடி நின்றது. வெள்ளிக்கிழமை நாலைந்து தடவை நின்றது. அந்தப் பெண் வீம்புக்கு வேகமாக அடிக்கிறார் என்று முதலாளி முடிவு கட்டினார். சனிக்கிழமை மதியம் அவரைக் கீழே கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் மேலே வந்து என் முன்னால் நின்றார்.

“திங்கக்கெயமலேர்ந்து வராதன்ட்டாரு. நான் காலைலேர்ந்து ரெண்டு வெரல்ல அடிச்சிக்கினு கீறேன். நீயே பின்னாடி நின்னு பாத்துக்கினுதான இருந்த? அப்பவும் நின்னுச்சே. இன்னா சொல்ற அதுக்கு?”

கையில் பிரித்த கட்டை முடித்துவிட்டுப் போவதாகச் சொல்லி அவர் உட்கார்ந்தார். நாலு அட்டை அடித்திருப்பார், திரை நின்றது. உடனே இரண்டு கையையும் போலீஸுக்குத் தூக்குவது போலத் தலைக்கு மேல் தூக்கினார்.

“நல்லா பாத்துக்கோ சார். கை மேல கீது. இப்ப யாரு அடிக்கிறா?”

யாரும் அடிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் திரையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் ஒரு சத்தம்தான் கேட்டது. “ஸ்மால் டி... ஹைபன்... கமா...” மாமி ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினார். அவர் கீபோர்டில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மாமி, அந்த விளக்கு...”

“நீதானேப்பா சொல்லிக்கொடுத்தே, ஓடாம நிக்கறதுக்கு. நிறுத்திண்டு படிக்கறேன்.”

கையை நீட்டி அந்தக் கீயை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. நான்கு திரையும் ஒரே நேரத்தில் மடமடவென்று கொட்டின.

“ஐயோ, ஓடறதே!” என்று மாமி பதறி மறுபடி அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் நான்கும் நின்றன.

பஸ் படியில் ஏறி நின்று கண்டக்டரிடம் வழி கேட்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இடம் காலியாக இருக்கும், ஆனால் அவருக்குப் பின்னால் நிற்கும் ஒருவரும் ஏற முடியாது. மாமியின் பட்டியல் அந்த ஆள். அவர் திரையை நிறுத்தியதும், அவருக்கு வர வேண்டிய வரிகள் பெட்டிக்குள் சேர்ந்து நிரம்பின. நிரம்பியதும் பெட்டி கீழே இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்து, இனி அனுப்பாதே என்றது. இருந்தது ஒரே கம்பி. மாமிக்கு அனுப்பாதே என்பதற்குப் பதிலாக யாருக்குமே அனுப்பாதே என்று சொல்லிவிட்டது. பெட்டி ஏன் அப்படி முட்டாள்தனமாகச் சொல்ல வேண்டும்? சின்னப் புத்தகத்தை எடுத்து மூன்றாவது சுவிட்சுக்கு நேரே இருந்த வரியைப் படித்தேன். இந்தத் தடவை வரியும் புரிந்தது. கீழே இருந்தால் கேட்டவரை மட்டும் நிறுத்தும். மேலே இருந்தால் எல்லோரையும்.

உடனே கீழே ஓடியிருந்தால் நல்ல மனிதன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் படியில் உட்கார்ந்தேன். சத்தமில்லாமல் சுவிட்சைத் தள்ளிவிட்டு, எர்த் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னால் அந்தப் பெண் போனதால்தான் சரியானது என்று ஆகிவிடும். மாமியைக் கை காட்டலாமா என்றும் யோசித்தேன். புளியோதரை தடுத்தது. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதலாளி உட்கார்ந்திருந்த ஏ.சி. அறைக்குள் போனபோது, உண்மையின் பாதியை மட்டும் சொல்லுவது என்று தீர்மானித்திருந்தேன்.

“சார், கண்டுபிடிச்சிட்டேன். அந்தம்மா மேல தப்பில்ல. பெட்டிதான் காரணம்.”

“பெட்டியா?” முதலாளி டெலிபோனை எடுத்தார். “வித்தவனையே வந்து எடுத்துண்டு போகச் சொல்றேன். வேற ஒண்ணு வர்ற வரைக்கும் மாடியை மூடிடு. நாலு பேரையும் வர வேண்டாம்னு சொல்லிடு.”

ஒருவர் வேலையைக் காப்பாற்றப் போய் நான்கு பேர் வேலைக்கும் உலை வைத்தாகிவிட்டது, அதுவும் ஒரே வாக்கியத்தில்.

“பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. பின்னாடி ஒரு சுவிட்ச நான் மாத்தி வச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“ஏழு மேல பார்த்து இருந்தது. ஒண்ணு மட்டும் கீழ இருந்தது. பார்க்க நல்லா இல்ல சார்.”

அவர் டெலிபோனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“டிப்ளமா முடிச்சியோ இல்லையோ?”

“ரெண்டு மாசம் போனேன் சார்.”

காலில் தரை சில்லிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நீ சொன்னியேன்னுதான் அவகிட்ட அப்படிப் பேசினேன்” என்றார். “திமிருன்னு வேற சொல்லிட்டேன். மேல போய் நீயே சொல்லு, திங்கக்கிழமை வரச் சொல்லு. நான் வரலை. எனக்கு அவ முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருக்கு.”

நான் மேலே போனபோது அந்தப் பெண் இரும்பு நாற்காலியில் போட்டிருந்த தன் சின்னத் தலையணையை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நான் சுவிட்சிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கதைய அப்பால சொல்லு. திங்கக்கெயம வரலாமா வேணாமா?”

“வரலாம். தப்பு என்னோடது.”

மீதியையும் சொன்னேன். மாமி ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார். “நான் நிறுத்தினதாலயா இவ்வளவும்?” என்றார்.

“நீங்க நிறுத்தலாம் மாமி. அது நாலு பேரை நிறுத்தக் கூடாது. அது என்னால வந்தது.”

“அப்ப பத்து நாளா நான் சும்மாவே ஆம மாரி அடிச்சேனா?” என்றார் அந்தப் பெண்.

“ஆமா.”

“பின்னாடி நின்னு இருமிக்கினு வேற இருந்த.”

“ஆமா. குறைஞ்ச அட்டைய எல்லாம் நான் உக்காந்து அடிச்சித் தரேன்.”

“ஐயே, வேணாம் சாமி. நீ அடிச்சா தப்பு பாக்கறதுக்குள்ள மாமிக்கு அடுத்த பேரன் பொறந்துருவான்.”

தம்பி சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். தற்செயலாக ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

பேனா முனையால் மூன்றாவது சுவிட்சைக் கீழே தள்ளினேன். மாமியிடம் நீளமான பட்டியலாக வரவழைத்து நிறுத்தச் சொன்னேன். விளக்கு எரிந்தது. மாமியின் திரை மட்டும் நின்றது. அந்தப் பெண் தலையணையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நின்றபடியே குனிந்து ஒரு விரலால் ஓர் எழுத்தை அடித்தார். வந்தது. இன்னொன்று அடித்தார். திரையைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே ஒரு வரி அடித்தார். பிறகு நாற்காலியை இழுத்து, தலையணையைப் போட்டு உட்கார்ந்து, அட்டைக் கட்டில் மிச்சமிருந்ததை எடுத்து வைத்தார். பத்து விரலும் இறங்கின. மேஜை நடுங்கியது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்றேன்.

அவர் திரும்பவில்லை.

“நவுரு சார். அட்ட மேல நெழல் வுழுது.”